கோவாப் பட்டணத்துத் திவசம்

ரொறன்ரோவிலை எங்கடை ஆக்களுக்கு ஒரு முறையான பாதை இருக்கு. வந்து இறங்கினவுடனை சென் ஜேம்ஸ் ரவுணிலை மாடிக் கட்டடம். பிறகு கொஞ்சம் நிமிர மோர்னிங்சைட். பிள்ளையள் வளர ரூஜிலை ரண்டு கராஜ் வைச்ச புதுவீடு. ஆரும் இந்தப் பாதையிலை பின்பக்கமாப் போறேல்லை. நான் போனன். மோர்னிங்சைட்டிலை ஒழுங்கா இருந்த மனிசி, திரும்பி ரவுணுக்குள்ளை வந்து, சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்திலை கபேஜ்ரவுணிலை நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு செங்கல் வீட்டை வாங்கினன். கபேஜ் எண்டா கோவா, முட்டைக்கோசு எல்லே. அதாலை எங்கடை சொந்தக்காரருக்கு நான் இருக்கிற இடம் கோவாப் பட்டணம். போன் எடுத்தாலே, "என்ன, கோவா விளைஞ்சிட்டுதோ?" எண்டுதான் தொடங்குவினம். பகிடியாம்.

ஏன் வாங்கினன் எண்டு கேட்டா எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு. பள்ளிக்கூடம் போற வயசிலை இந்த நாட்டுக்கு வந்து, உந்த மாடிக் கட்டடத்திலை ஒரு அறைக்குள்ளை குடும்பமா நெரிஞ்சு கிடந்தம். பல்கணியிலை உடுப்புக் காயப்போடப் போனா, கீழை உந்த வீடுகளின்ரை கூரையள் தெரியும். கூரான முகடு, செங்கல்லு, முன்னுக்கு ஒரு சின்னப் பூந்தோட்டம், இரும்பு வேலி. நான் ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னன், நான் பெரிசா வந்து உதுக்குள்ளை ஒரு வீட்டிலை இருப்பன் எண்டு. அம்மா, "முதல்லை உடுப்பை எடுத்து உள்ளை போடு, மழை வருது" எண்டா.

அந்த ஆசை போகேல்லை. கலியாணம் முடிச்சு, பிள்ளை பெத்து, வேலை வேலையெண்டு ஓடி, பிள்ளையும் படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிறகும் போகேல்லை. கடைசியா இந்த வீடு விலைக்கு வந்த நேரம் நான் இவரைப் பிடிச்சு நெருக்கினன். இவர் எண்டா என்ரை மனிசன். நல்ல மனிசன்தான், ஆனா ஒரு விஷயத்தை வேண்டாமெண்டு சொல்ல மாட்டார். "ம்" எண்டுவார். அந்த "ம்"முக்குள்ளை ஆயிரம் வேண்டாம் இருக்கும். நெருக்கின நெருக்கிலை ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு வருஷம் இருந்து பாப்பம். எனக்குச் சரிவரேல்லை எண்டா, வித்துப்போட்டு ரூஜிலை அக்கா வீட்டுக்குக் கிட்டவாப் போறம். பிறகு அழக்கூடாது. சம்மதமே?"

"சம்மதம்" எண்டன், விசரி மாதிரி. ஒரு வருஷத்துக்குள்ளை மனிசனை மாத்திப்போடலாம் எண்டு நினைச்சன். மனிசனை மாத்திறதிலும் பாக்க யன்னலை மாத்திறது லேசு, இந்த வட்டாரத்திலை அதையும் மாத்தேலாது.

அதுதான் இவற்றை முதல் கோபம். பழைய மர யன்னல், குளிர்காலத்திலை காத்து விசிலடிக்கும். இவர் பிளாஸ்ரிக் யன்னல் போடுவம் எண்டு வெளிக்கிட, இது பாரம்பரிய வட்டாரம், தெருவிலையிருந்து தெரியிற எதையும் கேக்காமல் மாத்தேலாது எண்டு நகரசபைக்காரர் சொல்லிப்போட்டினம். "என்ரை வீட்டு யன்னலை மாத்த நான் ஆரைக் கேக்க வேணும்?" எண்டு குசினிக்குள்ளை நிண்டு கத்தினார். வெளியிலை போய்க் கத்தேல்லை, அது அவற்றை சுபாவம்.

ரண்டாவது கோபம், வாசல்லை கிடக்கிற சின்னப் போர்ட். இந்த வீட்டிலை முதல் இருந்தவர் ஒரு பீப்பாய் செய்யிற ஆளாம். அதை எழுதிச் சுவரிலை அடிச்சு வைச்சிருக்கினம். "பீப்பாய் செய்தவனுக்குப் போர்ட். மாசாமாசம் மோட்கேஜ் கட்டிறவனுக்கு ஒரு கடுதாசித் துண்டும் இல்லை" எண்டு இவர் வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார்.

மூண்டாவது, நடைச் சுற்றுலா. கோடை காலத்திலை கிழமைக்கு ரண்டு மூண்டு தரம், குடை பிடிச்ச ஒரு ஆளுக்குப் பின்னாலை கொஞ்சச் சனம் வந்து எங்கடை வீட்டுக்கு முன்னாலை நிண்டு அண்ணாந்து பாக்கும். இவர் ஒருநாள் காலமை இடுப்பிலை கட்டின சாரத்தோடை குப்பைவாளி உருட்டிக்கொண்டு வெளியிலை போக, அவ்வளவு பேரும் கமராவைத் தூக்கிச்சினம். இவர் வாளியை விட்டிட்டு உள்ளை ஓடி வந்திட்டார். அதுக்குப் பிறகு குப்பை போடப் போறதெண்டா நீளக் காற்சட்டை போட்டு, தலை சீவி இழுத்துத்தான் போவார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாது.

பார்க்கிங்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இவற்றை சகோதரங்கள் ஒருக்கா வந்திச்சினம். வட்டம் வட்டமாச் சுத்தி, எங்கையோ தூரத்திலை காரை விட்டிட்டு வந்து, இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கமுன்னம், "ரிக்கற் அடிச்சுப்போடுவான்" எண்டு எழும்பி ஓடிச்சினம். பிறகு ஆரும் வரேல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களிலை அவையெல்லாம் ரூஜிலை மச்சாள் வீட்டிலை கூடுவினம். மச்சாள் எண்டா இவற்றை அக்கா. இவர் போன் எடுப்பார். அங்கால் பக்கம் ஒரே சிரிப்பும் சத்தமும். இவர் இஞ்சை சோபாவிலை தனிய இருந்து, "ஆர் அது சிரிக்கிறது? என்ன பகிடி?" எண்டு கேப்பார். அவை சொல்லிறதுக்கிடையிலை அடுத்த பகிடி வந்திடும். போனை வைச்சிட்டு, "ரூஜிலை நல்ல கராஜ்" எண்டுவார். நானும் மனிசனுக்குக் கராஜ்தான் பிரச்சினை எண்டு நம்பிக்கொண்டிருந்தன்.

இந்த வட்டாரத்திலை இவருக்குப் பிடிச்ச ஒரே ஒரு பழக்கம் இருந்தது. சனம் தங்களுக்குத் தேவையில்லாத சாமானை வாசல்படியிலையோ தெருக்கரையிலையோ வைச்சுவிடும். கதிரை, விளக்கு, கோப்பை, புத்தகம். வேணுமான ஆள் எடுத்துக்கொண்டு போகலாம், கேக்கத் தேவையில்லை, களவு இல்லை. சில பேர் ஒரு மட்டையிலை, இலவசம், எடுங்கோ எண்டு எழுதியும் வைப்பினம். முதல்லை இவர், "சீ, ஆற்றையோ பழசு" எண்டு மூக்கைப் பொத்தினார். பிறகு ஒரு நாள் ஒரு மேசை விளக்கோடை வந்தார். பிறகு ஒரு கதிரை. பிறகு கால் மூண்டு உள்ள ஒரு ஸ்ரூல், அது நாலு கால் ஸ்ரூலாம், நாலாவதைத் தான் செய்து பூட்டுவாராம். பேஸ்மென்ற்றிலை கால் வைக்க இடமில்லாமல் போட்டுது. விக்கப்போற வீட்டுக்கு மனிசன் ஏன் சாமான் சேக்கிறார் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டா அதையும் நிப்பாட்டிப் போடுவார்.

இவர் சொன்ன அந்த ஒரு வருஷம் முடியிற நேரம் மாமியின்ரை திவசம் வந்தது. மாமி, இவற்றை அம்மா, ரூஜிலை மகளோடை இருந்து செத்தவ. மூத்த ஆம்பிளைப் பிள்ளை இவர். முந்தி கோயில் மண்டபத்திலை செய்தது, இந்தமுறை சொந்த வீடு இருக்கு, வீட்டிலைதான் செய்யவேணும் எண்டு மச்சாள் சொல்லிப்போட்டா. ஐயர் பஞ்சாங்கம் பாத்துத் திதி எந்த நாளிலை எண்டு சொன்னார். சனிக்கிழமை. நான் நாட்காட்டியைப் பாத்திட்டுத் தலையிலை கை வைச்சன். அண்டைக்குத்தான் எங்கடை தெரு முழுக்க யார்ட் சேல். வீட்டுக்கு வீடு மேசை போட்டுச் சாமான் பரப்புவினம், நகரத்தின்ரை பாதிச் சனம் வந்து நிக்கும். ஆனா திதியை ஒரு கிழமை தள்ளி வைக்கேலுமோ? செத்த மாமியிட்டை எப்பிடிப் போய்க் கேக்கிறது?

அதைவிடப் பெரிய விஷயம், அத்தான் வாறார். மச்சாளின்ரை மனிசனை இவர் அத்தான் எண்டுவார், நானும் அப்பிடியே சொல்லிப் பழகிட்டன். அத்தான் வீடு விக்கிற ஏஜென்ற். "சாப்பாடு முடிய வீட்டை மேலை கீழை ஒருக்கா வடிவாப் பாத்து விலை சொல்லுறன். திங்கட்கிழமை போர்ட் நட்டுவிடலாம்" எண்டு இவரோடை போனிலை கதைச்சதை நான் படியிலை நிண்டு கேட்டன். இவர் "ம்" எண்டார். இந்த "ம்" எந்த "ம்" எண்டு எனக்குத் தெரியேல்லை. அது திவசத்துக்கு முதல் நாள் இரவு. இந்த வீடு என்ரை கையை விட்டுப் போகப்போகுது எண்டு தெரிஞ்சும், அடுத்த நாள் விடிய எழும்பிக் கத்தரிக்காய் வெட்டினன். வேறை என்ன செய்யிறது?

அண்டு காலமை நான் இவருக்கு ஒரே ஒரு வேலை குடுத்தன். "பேஸ்மென்ற்றிலை சேத்து வைச்ச குப்பையைக் கொண்டுபோய் வாசல்லை வையுங்கோ. யார்ட் சேல் நாளெண்டபடியா ஒரு மணித்தியாலத்திலை காலியாப் போடும். சனம் வாறதுக்கு முன்னம் வீட்டைத் துப்பரவாக்குங்கோ." மனிசன் முணுமுணுத்து முணுமுணுத்து எல்லாத்தையும் கொண்டுபோய் வைச்சார். நான் சொன்ன மாதிரியே எல்லாம் போட்டுது, மூண்டு கால் ஸ்ரூல் உட்பட. பிறகு இவர் குளிச்சு, வேட்டி கட்டி, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு ஐயருக்கு முன்னாலை வந்து இருந்திட்டார்.

சனம் வந்தது. ரூஜிலையிருந்தும் மோர்னிங்சைட்டிலையிருந்தும் பட்டுச் சீலையும் வேட்டியுமா, பார்க்கிங் தேடிக் களைச்சு, வேர்த்து, என்னைத் திட்டிக்கொண்டு வந்தது. எங்கடை வீட்டு நடை ஒடுக்கம், ரண்டு பேர் சேந்து நிக்கேலாது. செருப்பை உள்ளை விட இடமில்லை. எல்லாரும் வெளியிலை, முன்படியிலை கழட்டிச்சினம். பட்டுச் சீலைக்குப் பொருத்தமான தங்கநிற ஹீல்ஸ், பிள்ளையளின்ரை ஓடுற சப்பாத்து, ஐயற்றை செருப்பு, அத்தான்ரை பளபளக்கிற கூர்ச் சப்பாத்து. அந்தச் சப்பாத்து அவர் பெரிய வீடு காட்டப் போகேக்கை மட்டும் போடுறதாம். எங்கடை வீடு பாக்கிறதுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மச்சாளுக்கு ஒழுங்கில்லாத ஒண்டைக் கண்டா கை சும்மா இராது. படியிலை செருப்புக் குவிஞ்சு கிடக்கிறதைக் கண்டிட்டு, "என்ன இது சந்தை மாதிரி" எண்டு குனிஞ்சு அடுக்கத் தொடங்கிட்டா. ஆம்பிளையளின்ரை மேல்படி. பொம்பிளையளின்ரை நடுப்படி. பிள்ளையளின்ரை கீழ்ப்படி, சின்னனிலையிருந்து பெரிசு வரைக்கும் வரிசையா. ஒவ்வொரு சோடியும் முன்னுக்குப் பாத்து, நேரா, வடிவா. அடுக்கி முடிச்சிட்டு எட்ட நிண்டு பாத்துத் தலையை ஆட்டினா. இப்ப யோசிச்சா, இதைவிட ஒரு சப்பாத்துக் கடைக்காரனும் வடிவா அடுக்கமாட்டான்.

ஐயர் மந்திரம் சொன்னார். சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிச்சுது, ஒரு மருமகன் கதிரையிலை ஏறி நிண்டு துவாயாலை வீசினான். படையல் போட்டம். நான் காகத்துக்குச் சோறு கொண்டுபோய்ப் பின் வேலியிலை வைச்சன். காகம் வரேல்லை, ஒரு கறுத்த அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போச்சுது. மச்சாள் பாத்திட்டு, "பரவாயில்லை, அம்மாவுக்கு வடைதான் விருப்பம்" எண்டா.

சாப்பாடு பரிமாறிற நேரத்திலை என்ரை மகள் வந்தாள். வேலைக்குப் போட்டு நேரா வாறாள், அதுதான் பிந்தினது. உள்ளை வந்தவுடனை கேட்டாள், "அம்மா, வை ஆர் வீ கிவிங் அவே ஷூஸ்? ஆரோ ஒரு லேடி அப்பம்மாவின்ரை நினைவுக்கோ எண்டு என்னட்டைக் கேட்டிட்டு சொறி எண்டு சொல்லுறா."

நான் கரண்டியோடை வாசலுக்கு ஓடினன். மேல்படி வெறுமை. நடுப்படி வெறுமை. கீழ்ப்படி வெறுமை. இவற்றை பழைய ரப்பர் செருப்பு ஒரு சோடி மட்டும் மேல்படி மூலையிலை கிடந்தது. அதை ஒருத்தரும் தொடேல்லை.

"ஐயோ!" எண்டு நான் போட்ட சத்தத்துக்கு வீடு முழுக்க எழும்பி வந்தது. வாழையிலையிலை சோறும் பருப்பும் அப்பிடியே கிடக்க, கையிலை பாயாசக் கோப்பையோடை சனம் வாசல்லை முண்டியடிச்சு நிண்டு படியைப் பாத்துது. முதல் வாய் திறந்தவர் அத்தான். "என்ரை சப்பாத்து!" எண்டார். பிறகு தன்ரை தொழில் ஞாபகம் வந்து, "பாத்தியே தம்பி, களவெடுக்கிற இடம். இதுக்கு நல்ல விலை வராது" எண்டார். மச்சாள் என்னைப் பாத்தா. "இஞ்சரும், உம்மடை கோவாப் பட்டணம் இதுதானோ? திவச வீட்டிலை வந்து செருப்பெடுக்கிற சனமோ?" நான் இவரைப் பாத்தன். இவர் நிலத்தைப் பாத்தார். முடிஞ்சுது எண்டு நினைச்சன். திங்கட்கிழமை வரை பொறுக்கத் தேவையில்லை, இப்பவே நட்டுவிடுங்கோ போர்ட்டை எண்டு சொல்ல வாய் வந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் தன்ரை மேசையை விட்டிட்டு எங்கடை வேலிக்கு வந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி, இந்தத் தெருவின்ரை ஒவ்வொரு செங்கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆள். கண் கலங்கி நிண்டார். நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னார், தான் இந்தத் தெருவிலை இவ்வளவு காலத்திலை இப்பிடி ஒரு அழகான சடங்கைக் கண்டதில்லையாம்.

"என்ன சடங்கு?" எண்டன் நான்.

அவர் சொன்னதைத் தமிழிலை சொன்னா இப்பிடி. போன கிழமை நான் அவருக்கு, சனிக்கிழமை மாமியின்ரை நினைவு நாள், சனம் வரும், குறை நினைக்காதேங்கோ எண்டு சொல்லியிருந்தன். காலமை ஐயர் உள்ளை போறதைக் கண்டிருக்கிறார். சாம்பிராணி மணம் வந்திருக்கு. ஒரு அம்மா கண்ணியமா வந்து குனிஞ்சு, சப்பாத்துகளை ஒவ்வொண்டா வரிசைப்படி அடுக்கி, எட்ட நிண்டு தலை வணங்கினதையும் கண்டிருக்கிறார். பக்கத்திலை போர்ட். ஆகவே, செத்தவவின்ரை பேராலை உறவினர் எல்லாரும் தங்கடை காலணியைத் தானமாக் குடுக்கினம் எண்டு விளங்கிக்கொண்டிருக்கிறார். விளங்கினது போதாதெண்டு, அந்த நேரம் வந்த நடைச் சுற்றுலாக் கூட்டத்துக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறார். "ஆளுக்கு ஒரு சோடிக்கு மேலை எடுக்கவேண்டாம், எடுக்கேக்கை அந்த அம்மாவை நினைச்சு எடுங்கோ எண்டு நான்தான் ஒழுங்குபடுத்தினன்" எண்டார் பெருமையா.

நாங்கள் எல்லாரும் எங்கடை வெறுங்காலைப் பாத்தம்.

"என்ன போர்ட்?" எண்டு மச்சாள் கேட்டா.

அவர் விரலாலை காட்டினார். கீழ்ப்படிக்குப் பக்கத்திலை, பூஞ்செடியிலை சாஞ்சபடி ஒரு மட்டை. இலவசம், தயவுசெய்து எடுங்கோ எண்டு கொட்டை எழுத்திலை இங்கிலீசிலை. சாமானெல்லாம் போன பிறகும் மட்டை அங்கையே நிண்டிருக்கு. மச்சாள் குனிஞ்சு அதைத் தூக்கி, எட்டப் பிடிச்சுப் பாத்தா.

"தம்பி, உது உன்ரை எழுத்தெல்லே?"

இவற்றை முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். வேட்டி, மேல்துண்டு, நெத்தி நிறைய விபூதி, கையிலை தர்ப்பை மோதிரம் கழட்டின அடையாளம். தாயின்ரை திவசத்திலை சொந்த பந்தம் எல்லாற்றை செருப்பையும் தானம் குடுத்த புண்ணியவான். "ஓம்" எண்டார் மெதுவா. முதல் சிரிச்சவ மச்சாள். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து படியிலை இருந்திட்டா. பிறகு தம்பிமார், மருமக்கள், பிள்ளையள். ஐயரும் வாயைத் துண்டாலை மூடிக்கொண்டு குலுங்கினார். அத்தான் மட்டும் சிரிக்கேல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்க, பாவம் மனிசன் வெள்ளையிலும் வெள்ளையாப் போட்டார். நான் திட்ட நினைச்சனான், முகத்தைப் பாக்க வாய் வரேல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தெருத்தெருவா மேசை மேசையாச் சொல்லப் போட்டார். ஐயருக்கு மோர்னிங்சைட்டிலை வேறை வீட்டுக்குப் போகவேணும், நிக்கேலாது. இவற்றை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஐயர் போட்டார். மிச்ச ஆக்களுக்கு எங்கை போறது? சுடுகிற தார் ரோட்டிலை வெறுங்காலோடை, எங்கையோ தூரத்திலை விட்ட காருக்கு ஆர் போவினம்? இருந்திச்சினம். வேறை வழியில்லாமல் முதல் முதலா என்ரை வீட்டிலை வடிவா இருந்திச்சினம். நடையிலை, மாடிப்படியிலை, முன்படியிலை, பூந்தோட்டத்துக் கல்லிலை, எல்லா இடமும்.

கொஞ்ச நேரத்திலை ஒரு இளம் பொம்பிளை வந்தா, மச்சாளின்ரை தங்கநிற ஹீல்ஸைக் கையிலை பிடிச்சபடி. முகம் சிவந்துபோச்சு அவவுக்கு. மன்னிக்கச் சொல்லிக் கேட்டா. மச்சாள் ஹீல்ஸை வாங்கினா, ஆளைப் பாத்தா, "திவச வீட்டுக்கு வந்தனீர், சாப்பிடாமல் போகக்கூடாது" எண்டு தமிழிலையே சொல்லிக் கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. நான் வாழையிலையை வைச்சன். அந்தப் பிள்ளைக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லைப் போலை. சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இவரைப் பாத்துக் கேட்டுது, "உங்கடை அம்மா எப்பிடிப்பட்டவ?"

இவர் "நல்லவ, நல்லவ" எண்டார். எல்லாரும் சொல்லிறதுதானே. பிறகு தொடங்கினார். தன்ரை இங்கிலீசிலை, கையாலை காட்டிக் காட்டி. அம்மா பஸ் எடுக்கப் போகேக்கை ஒவ்வொரு நாளும் ட்ரைவருக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுபோய்க் குடுப்பா எண்டு. குளிருக்குள்ளை வேலை செய்யிற பிள்ளை, சாப்பிட்டிருக்க மாட்டான் எண்டு சொல்லுவா எண்டு. ஒரு ட்ரைவர் அம்மா வரப் பிந்தினா பஸ்ஸை நிப்பாட்டி வைச்சிருப்பான், உள்ளை இருக்கிற சனம் கத்தும் எண்டு.

"வாழைப்பழம் இல்லையடா, தோடம்பழம்" எண்டா மச்சாள்.

"வாழைப்பழம், அக்கா."

"நான்தானே வாங்கிக் குடுத்தனான், எனக்குத் தெரியாதே? தோடம்பழம். உரிச்சும் குடுப்பா."

"அது ஸ்னோ தள்ளிற பொடியனுக்கு" எண்டான் இவற்றை சின்னத் தம்பி. பிறகு சண்டை. நல்ல சண்டை. ஒருத்தரை ஒருத்தர் வெட்டி, கையைக் காட்டி, சிரிச்சு, திரும்பவும் தொடங்கி. ஒவ்வொரு சப்பாத்தோடும் ஒவ்வொரு ஆள் வந்தது, வந்த ஆக்களும் இருந்து சாப்பிட்டிச்சினம், ஒவ்வொருத்தருக்கும் கதையை முதலிலையிருந்து திரும்பச் சொல்லவேண்டிக் கிடந்தது. ஒரு மனிசன் பூங்கொத்தோடை வந்து மூண்டாம் நம்பர் பிள்ளைச் சப்பாத்தைத் தந்திட்டுப் போனான். இவர் சொல்லச் சொல்ல அவற்றை குரல் உயர்ந்தது. நான் குசினிக்குள்ளை வடை சுட்டபடி கேட்டுக்கொண்டு நிண்டன். இந்த மனிசனுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமெண்டு எனக்கே தெரியாது. அந்தரமா இருந்தது, சந்தோசமாவும் இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலை நிண்டு அழுதிட்டன். கராஜ் இல்லையடி விசரி, கராஜ் இல்லை எண்டு எனக்கு நானே சொன்னன். மனிசனுக்குத் தன்ரை ஆக்கள் வேணும். நான் ஒரு வருஷமா யன்னலைப் பற்றிச் சண்டை பிடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்.

அப்பவே மனசுக்குள்ளை முடிவெடுத்தன். இரவைக்கு இவரிட்டைச் சொல்லுவம், சரி, ரூஜுக்குப் போவம் எண்டு. சத்தியமாச் சொல்ல நினைச்சன்.

பொழுதுபட எல்லாற்றை செருப்பும் வந்திட்டுது, அத்தான்ரை கூர்ச் சப்பாத்தைத் தவிர. அது ஆரோ நல்ல ரசனையுள்ள ஆளிட்டைப் போய்ச் சேந்திருக்கு. அத்தான் என்ரை மகளின்ரை பூப்போட்ட சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, குதிக்கால் வெளியிலை தள்ள, வாசல்லை நிண்டார். அண்டைக்கு வீடும் பாக்கேல்லை, மேலை கீழை எங்கை பாத்தாலும் சனம். "தம்பி, சப்பாத்து வந்தவுடனை ஒரு கோல் அடி. எடுக்க வரேக்கை வீட்டையும் பாத்து விலை சொல்லுறன். ஒரே வேலையா முடியட்டும்" எண்டார். இவர் "ம்" எண்டார்.

இரவு சட்டி பானை கழுவேக்கை நான் சொன்னன். "இஞ்சருங்கோ, நான் சொன்ன சொல்லு சொல்லுத்தான். நீங்கள் சொல்லுங்கோ, போவம்." இவர் துடைச்ச தட்டையே திரும்பத் திரும்பத் துடைச்சார். "அத்தான்ரை சப்பாத்து வரட்டும், பாப்பம்" எண்டார். அவ்வளவுதான். நான் மேலை போய்ப் படுத்திட்டன்.

ரண்டு கிழமை போயிருக்கும். நான் மேல் மாடியிலை, அந்த மாத்தேலாத யன்னலுக்குப் பக்கத்திலை உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டன். கீழை மணி அடிச்சுது. எட்டிப் பாத்தன். ஒரு ஆள், கையிலை ஒரு பை. பைக்குள்ளையிருந்து எடுத்து நீட்டினார், பளபளவெண்டு, கூர் மூக்கோடை. தான் வேறை ஊருக்குப் போயிருந்தவர், விஷயம் இப்பத்தான் தெரியும் எண்டு ஏதோ சொன்னார். இவர் கைகுடுத்து, குனிஞ்சு நன்றி சொல்லி அனுப்பினார். பிறகு சப்பாத்தோடை வாசல்லை நிண்டார். தெருவிலை அந்தப் பக்கம் பாத்தார், இந்தப் பக்கம் பாத்தார். சப்பாத்தைச் சாரத்துக்குள்ளை சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினார். ஏதோ பெட்டி இழுபடுற சத்தம் கேட்டுது. திரும்பி வரேக்கை கை வெறுமை.

நான் உடுப்பை மடிச்சு முடிச்சிட்டுக் கீழை போய்த் தேத்தண்ணி போட்டன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடிச்சுது. அத்தான். சத்தமாக் கதைக்கிற மனிசன், எனக்குக் குசினிக்கே கேட்டுது. "என்ன தம்பி, என்ரை சப்பாத்து வந்திட்டுதோ?"

"இல்லை அத்தான்" எண்டார் இவர், குரலிலை ஒரு சொட்டு நடுக்கமும் இல்லாமல். "இன்னும் வரேல்லை. நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு சும்மா வாங்கோவன், பார்க்கிங் நான் பிடிச்சு வைக்கிறன்."